முள்ளு கத்திரிக்கு ஒரு பையர்

ரிட்டயர் ஆன மறுநாள் காலையில கோதண்டராமன் ஒரு சபதம் எடுத்தாரு. பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாரு.

"இனிமே இந்த வீட்டுக்குக் காய்கறி கடையிலருந்து வரக்கூடாது. எல்லாம் நம்ம கொல்லையிலருந்துதான்."

அவரு சம்சாரம் சுந்தரியம்மா அடுப்புலருந்து திரும்பிக்கூடப் பார்க்கல. "கடைக்கு என்னிக்கு நீங்க போயிருக்கீங்க, வரக்கூடாதுன்னு சொல்றதுக்கு?"

நியாயமான கேள்வி. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த மனுஷன். ஸ்டிச்சிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். இத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காய்கறிப் பையைக் கையில தொட்டிருப்பாரா? மாட்டாரு. லைன்ல வேலை செய்யற பொண்ணுங்க மார்க்கெட்ல பார்த்துட்டா கௌரவம் போயிடுமாம். அந்தப் பொண்ணுங்க எட்டு மணி நேரம் மிஷின்ல உக்காந்துட்டு, ஷிஃப்ட் முடிஞ்சு அதே மார்க்கெட்ல பை தூக்கிக்கினு நிக்கறப்போ அவங்க கௌரவம் எங்க போச்சுன்னு கேட்டுடாதீங்க.

சபதத்துக்குக் காரணம் செடி மேல வந்த ஆசைன்னு நினைக்காதீங்க. எல்லாம் பயம். முந்தின நாள் கழுத்துல போட்ட மாலை வாடறதுக்குள்ள சுந்தரியம்மாவோட தம்பி செங்கல்வராயன் குடியாத்தத்துலருந்து போன் பண்ணிட்டான். அவனுக்கு அங்க பவர்லூம், லுங்கி குடோன் எல்லாம் இருக்கு.

"அக்கா, மாமா இனிமே சும்மாதானே இருப்பாரு? குடோனுக்கு நம்பிக்கையா ஒரு ஆள் வேணும். லுங்கிய மடிச்சு அடுக்கணும். மாமா வந்துட்டா எனக்கு நிம்மதி."

இந்தச் செங்கல்வராயன் யாரு? கோதண்டராமன் கல்யாணத்துல அவரு மடியில ஏறி உக்காந்துக்கினு, பட்டு வேட்டியில மூக்கைத் தொடைச்ச பையன். அவன்கிட்ட இவரு போயி லுங்கி மடிக்கணுமா? அதுவும் அவன் "மாமா, மடிப்பு சரியில்ல"ன்னு சொல்றதைக் கேட்டுக்கினு?

"எனக்கு வேலை இருக்கு சுந்தரி. நான் அணைக்கட்டுப் பக்கத்து ஆளு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்னா ஊரே நாக்கச் சப்பு கொட்டும். எங்க நிலத்துல கூடை கூடையா எடுத்த கை இது."

"அந்தக் கை மண்வெட்டியக் கடைசியா என்னிக்குப் புடிச்சுது?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி."

"ஓ. அதுக்கப்புறம் மண்ணு வேணாம், நானே போதும்னு விட்டுட்டீங்களாக்கும்."

கடைசியில பேச்சு இப்படி முடிஞ்சுது. சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை செங்கல்வராயன் பிரியாணி சாப்பிட வரான். பிரியாணிக்குத் தொட்டுக்கற கத்திரிக்காய் சொந்தக் கொல்லையிலருந்து வரணும். வந்தா மாமா வீட்லயே இருக்கலாம். வரலைன்னா, சாப்பிட்டுக் கை கழுவின கையோட மாமா அவன் கார்ல ஏறிடணும்.

கோதண்டராமன் ஒத்துக்கினாரு. ஒத்துக்கினு என்ன பண்ணாரு? மண்ணைக் கொத்தினாரா? இல்லியே! பிளான் போட்டாரு. ஒரு வாரம் பிளான் மட்டும்தான். கம்பெனியில அப்படித்தான் பழக்கம். கீரை கட்டிங் செக்‌ஷன், அவரையும் பாகலும் ஸ்டிச்சிங் செக்‌ஷன், கொத்தமல்லி ஃபினிஷிங். கத்திரி மட்டும் தனி லைன். கொல்லை நீளமே நாலு கயித்துக் கட்டில் போடற அளவுதான். அதுல ஒரு ஃபேக்டரியையே கட்டிட்டாரு மனுஷன்.

"நான் ப்ரொடக்‌ஷன்" அப்படின்னாரு. "நீ வந்து..."

"நான்?"

"லேபர்னு சொல்லல. ஹெல்ப்பர்."

சுந்தரியம்மா கரண்டிய வச்சாங்க. "அந்த வேலைதானே இத்தனை வருஷமா பார்க்கறேன். ப்ரமோஷனே கிடையாதா?"

"சரி, க்யூசி. சரக்கு தரம் பார்க்கற ஆளு."

"அதுக்கு மேல?"

"மேனேஜர்."

"அதுக்கு மேல?"

"முதலாளி."

"அவருக்கு மேல யாருமே இல்லியா?"

கோதண்டராமன் யோசிச்சாரு. "சரக்கு வாங்கற பையர் இருக்கான். ஜெர்மனி, இத்தாலிலருந்து வருவான். காபி குடிப்பான். ஷூவத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். போயிடுவான். அவனுக்கு ஒரு வேலையும் இல்ல."

"அப்போ நான் பையர்."

கோதண்டராமனுக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். பொம்பளை ஒரு காபியக் குடிச்சிட்டு ஓரமா உக்காந்துடுவா, நம்ம ராஜ்ஜியத்துல தலையிட மாட்டான்னு கணக்கு போட்டாரு. ஒண்ணை மறந்துட்டாரு. பையர் முன்னாடி முதலாளியே எழுந்து நிப்பாரு. பையர் கறுப்பை வெள்ளைன்னு சொன்னா, "ஆமா சார், நாங்கதான் கவனிக்கல"ன்னு சொல்லணும். சர்வீஸ் முழுக்க எந்த பையர்கிட்டயும் "முடியாது"ன்னு சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அவரோடது. அந்த நாக்கை எடுத்துக்கினு போயி சம்சாரம் கையில குடுத்துட்டாரு.

அடுத்த நாளே ஆரம்பிச்சுது.

"ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபேக்டரியப் பார்க்கணும் இல்ல?" அப்படின்னாங்க சுந்தரியம்மா. "ஆடிட்டுன்னு சொல்வீங்களே. பையர் ஆள் வரான்னா பாத்ரூமை பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்கன்னு."

"அது கம்பெனிக்கு..."

"இது இன்னா, கம்பெனி இல்லியா? கட்டிங் செக்‌ஷன் இருக்கு, ஃபினிஷிங் இருக்கு..."

இடுப்புல கை வச்சிக்கினு வீட்டைச் சுத்தி வந்தாங்க. பாத்ரூம் குழாய் ஒழுகுது, அது தண்ணி வேஸ்ட். கொல்லைக் கதவுக்குக் குறுக்க ஓட்டை சைக்கிளும் ஷூ அச்சு நிரம்பின மூட்டையும் கெடக்கு, தீப்புடிச்சா தொழிலாளி எந்த வழியா ஓடுவா? பரண் மேல பழைய அட்டைப் பெட்டி, அதுக்குள்ள எலி குடும்பம் நடத்துது. கடைசியா சமையல்கட்டுல வந்து நின்னாங்க.

"இந்த கேன்டீன்ல வேலை செய்யற ஆளுக்கு வாரத்துல எத்தனை நாள் லீவு?"

"லீவு... இல்ல."

"இல்லியா? பையர் இதை ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க மாட்டான்."

அன்னிலருந்து ஞாயித்துக்கிழமை டிபன் கோதண்டராமன் பொறுப்பு. அவரு ஊத்தின மொத தோசை இந்தியா வரைபடம் மாதிரி வந்துது. சுந்தரியம்மா கால் நீட்டி உக்காந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாம சாப்பிட்டாங்க. கல்யாணம் ஆனதுலருந்து உக்காந்த எடத்துக்குத் தோசை வந்தது அவங்களுக்கு அதான் மொத தடவை. கண்ணு லேசாக் கலங்கிச்சு. சட்னியில பச்சைமிளகா ஜாஸ்தின்னு சொல்லி சமாளிச்சாங்க.

வருஷக்கணக்கா "பார்க்கலாம், பார்க்கலாம்"னு கெடந்த வேலையெல்லாம் பத்து நாள்ல முடிஞ்சுது. கொல்லை பளபளன்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் ஆர்டர் கெடைச்சுது. ஊருக்குப் போயி முள்ளு கத்திரி நாத்து வாங்கியாந்து நட்டாரு. காலையும் சாயங்காலமும் போர் மோட்டாரைப் போட்டு டியூப்புல தண்ணி விட்டாரு. செடிங்க நிமிர்ந்துச்சு. இவரும் நிமிர்ந்தாரு. அப்பால இலை ஓரமெல்லாம் கருகிச்சு. பூ வந்துது, வந்த சுவடே தெரியாம உதிர்ந்துது.

பக்கத்து வீட்டு அப்துல் சமத் பாய் மதில் மேல கை வச்சுக்கினு எட்டிப் பார்த்தாரு. ரெண்டு பேரும் பழைய தோஸ்த்து.

"கோதண்டம், நீ குடிக்கறது இன்னா தண்ணி?"

"கேன் தண்ணி பாய்."

"போர் தண்ணிய ஏன் குடிக்கறதில்ல?"

"இன்னா பாய், வெளியூர்க்காரன் மாதிரி கேக்கறே? நம்ம ஊர் போர் தண்ணியில சோப்பே நுரைக்காது. ஒரே உப்பு. அதை மனுஷன் குடிப்பானா?"

"சரிதான். அந்தக் கத்திரிச் செடி உனக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு?"

கோதண்டராமன் கையில டியூப்பு அப்படியே நின்னுச்சு. அவரு சின்ன வயசுல பயிர் வச்சது நல்ல கிணத்துத் தண்ணியில. தொடப்பக்குச்சிய நட்டாலும் துளிர்க்கும். அந்த நினைப்புல இருந்துட்டாரு. ஆம்பூர்ல பொறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் போர் தண்ணிக்கு எவ்ளோ உப்புன்னு. செடிக்கும் வாய் இருக்குன்னு அவருக்குத்தான் தோணல.

அதுக்கப்புறம் முனிசிபாலிட்டி தண்ணி வர்ற அன்னிக்கெல்லாம் குடம் குடமாத் தூக்கி ஊத்தினாரு. லேட்டு. செடிங்க சாகவும் இல்ல, காய்க்கவும் இல்ல. இன்கிரிமென்ட் கெடைக்காத ஆளுங்க மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நின்னுச்சுங்க. செங்கல்வராயன் வர்ற ஞாயிறோ நெருங்கிடுச்சு. கனவுல லுங்கியா வருது. கட்டம் போட்டது, கோடு போட்டது, எல்லாம் வரிசையா வந்து "மடி, மடி"ன்னு கேக்குது.

சனிக்கிழமை காலையில ஒரு முடிவுக்கு வந்தாரு. முகத்துல மாஸ்க்கு, தலையில குல்லா. சித்திரை வெயில்ல குல்லா! இப்படியாகத்தானே சூப்பர்வைசர் கோதண்டராமன் வாழ்க்கையில மொத தடவையா மார்க்கெட்டுக்குள்ள காலை வச்சாரு. கங்கம்மாள்னு ஒரு அம்மா கடையில முள்ளு கத்திரி குவிஞ்சு கெடந்துது. பொறுக்கி எடுத்து, பையைச் சட்டைக்குள்ள மறைச்சுக்கினு ஓடியாந்தாரு. மறுநாள் விடியக்காலை, சுந்தரியம்மா எழுந்துக்கறதுக்கு முன்னாடி, ஷூ தைக்கற நைலான் நூலை எடுத்துக்கினு கொல்லையில எறங்கினாரு.

ஒவ்வொரு காயா செடியில கட்டினாரு. காம்பெல்லாம் முள்ளு. விரல்ல குத்தாத எடம் பாக்கி இல்ல. ஆனா கட்டினாரு பாருங்க, அது தொழில் சுத்தம். ஒரு முடிச்சு வெளியத் தெரியாது. ஏற்றுமதித் தரம்.

பத்து மணிக்கு செங்கல்வராயன் வந்தான். கொல்லையப் பார்த்தான். வாயத் திறந்தவன் மூடல.

"இன்னா மாமா, கொத்துக் கொத்தாத் தொங்குது! செடி இத்துனூண்டு இருக்கு, இலையெல்லாம் கருகியிருக்கு, காய் மட்டும் இப்படி..."

"அது ஒரு டெக்னிக்கு."

பையர் வந்தாங்க. குனிஞ்சு ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பையர் அவரு விரலைப் பார்த்தாங்க. உள்ளப் போயி மஞ்சளும் எண்ணெயும் குழைச்சு எடுத்தாந்து ஒவ்வொரு விரலாத் தடவி விட்டாங்க.

"பாஸ்" அப்படின்னாங்க. "பறிச்சுக் குடுங்க."

பிரியாணி வாசனை தெருமுனை வரைக்கும் போச்சு. செங்கல்வராயன் கத்திரிக்காயில கையை வச்சான். வாயில போட்டான். மென்னான். நிறுத்தினான். வாயிலருந்து ஒரு நூலை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், வந்துக்கினே இருந்துச்சு.

"அக்கா! இன்னாக்கா இது, நூலு!"

கோதண்டராமன் குடியாத்தம் குடோன்ல லுங்கி மடிக்கற மாதிரி தன்னையே பார்த்துட்டாரு. கார் கதவு திறக்கற சத்தம்கூட கேட்டுடுச்சு.

"உன் லுங்கிதாண்டா நூல் விடுது" அப்படின்னாங்க சுந்தரியம்மா. குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், நல்ல நூலாப் போடுடான்னு? சோறு திங்கற எடத்துல வந்து பிரிஞ்சு விழுது பாரு."

செங்கல்வராயன் தன் இடுப்பைக் குனிஞ்சு பார்த்தான். அவன் கட்டியிருந்தது அவன் தறியிலயே நெய்ஞ்ச லுங்கி. அப்பால அவன் தலைய நிமிர்த்தல. குடோன் பேச்சையும் எடுக்கல.

அவன் கார் தெருவைத் தாண்டினதும் கோதண்டராமன் சாமி படத்துக்கு முன்னாடி போயி நின்னாரு. "யாரு பண்ண புண்ணியமோ, பொண்டாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரொம்ப நன்றி கடவுளே"ன்னு மனசாரக் கும்பிட்டாரு. பாவம், நன்றிய அட்ரஸ் மாத்தி அனுப்பிட்டாரு.

ஏன்னா அன்னிக்குச் சாயங்காலமே பையர் காபி டம்ளரோட வந்து உக்காந்தாங்க.

"சரக்கு சூப்பர். ரிப்பீட் ஆர்டர் போடறேன். வாரா வாரம் வேணும்."

"வாரா வாரமா?"

"ஏன், முடியாதா?"

அந்த வார்த்தை அவரு நாக்குல வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். "முடியும்" அப்படின்னாரு.

அப்படி ஆரம்பிச்சுது பேஜாரு. ஒரு வாரம் கத்திரி. அடுத்த வாரம், "கத்திரி மட்டும்தானா? வெண்டைக்காய் போடுங்களேன்." கட்டினாரு. அதுக்கடுத்த வாரம் தக்காளி. நூல் நிக்கல, நசுங்கிச்சு, எப்படியோ கட்டினாரு. ஒரு நாள் "முருங்கைக்காய் கெடைக்குமா?"ன்னாங்க. கொல்லையில முருங்கை மரமே கெடையாது. அட, இப்பவாவது புரிய வேணாமா? புரியல! மார்க்கெட்டுக்குப் போயி வாங்கியாந்து, துணி காயப்போடற கொடியில வரிசையாத் தொங்க விட்டாரு. சுந்தரியம்மா வந்து அண்ணாந்து பார்த்தாங்க.

"கொடி நல்லாக் காய்ச்சிருக்கு" அப்படின்னாங்க. பறிச்சுக்கினு போனாங்க.

ஒண்ணு சொல்லணும். மார்க்கெட் மனுஷனுக்குப் புடிச்சுப் போச்சு. மொதல்ல குல்லா போச்சு, அப்புறம் மாஸ்க்கு போச்சு. லைன்ல வேலை பார்த்த பொண்ணுங்க, "சார், வாங்க சார், இந்தக் கடையில வெண்டை பிஞ்சா இருக்கு"ன்னு கூப்பிட்டுக் காட்டினாங்க. கௌரவம் போகல. வெண்டைக்காய நுனி உடைச்சுப் பார்க்கக் கத்துக்கினாரு. பை நிரம்பினா எவ்ளோ கனக்கும்னும் கத்துக்கினாரு. வீட்டுக்கு வந்து பையை எறக்கினா, கைப்புடி அழுத்தின எடம் விரல்ல செவந்து கெடக்கும். அதே செவப்பு இத்தனை வருஷம் இன்னொருத்தி விரல்லயும் இருந்திருக்கும் இல்ல? அந்தக் கணக்கைப் போட வேண்டிய வயசுல போடல, ரிட்டயர் ஆன அப்புறம்தான் போட்டாரு.

ஒரு நாள் கங்கம்மாள் கடையில குனிஞ்சு பொறுக்கிக்கினு இருந்தாரு.

"நீங்க ஏன் சார் பொறுக்கறீங்க? உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்" அப்படின்னாங்க கங்கம்மாள். ஒரு கூடைய நகர்த்தினாங்க. ஒவ்வொரு கத்திரிக்கும் ஒரு விரல் நீளத்துக்குக் காம்பு. முள்ளெல்லாம் சீவி, வழவழன்னு இருந்துது.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ நீளம் காம்பு?"

"உங்க வீட்டம்மாதான் சொல்லிட்டுப் போச்சு. 'கங்கம்மா, எங்க வீட்டுக்காரருக்குக் கட்றதுக்கு எட்ட மாட்டேங்குது, விரலெல்லாம் குத்திக்கறாரு. காம்பு நீளமா விட்டு, முள்ளை சீவிக் குடு'ன்னு. ஏன் சார், கத்திரிக்காயக் கட்டி இன்னா பண்றீங்க?"

கோதண்டராமன் அங்கயே, ஒரு வெங்காய மூட்டை மேல உக்காந்துட்டாரு.

"எப்ப சொன்னா?"

"நீங்க குல்லா போட்டுக்கினு வந்தீங்களே சார், அதுக்கு மறுநாளே. அப்பால நம்ம கடைக்கு இன்னிக்குத்தானே வரீங்க."

கோவம் வரணும் இல்ல? வரல. சுந்தரி வேணும்னா தம்பி முன்னாடி ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாம். சிரிக்கல. தாலி கட்டின புருஷன் செடியில காய் கட்டறான்னு தெரு முழுக்கச் சொல்லியிருக்கலாம். சமத் பாய்க்குக்கூடச் சொல்லல. முள்ளு குத்துதேன்னு சீவச் சொல்லியிருக்கா. கோதண்டராமனுக்குக் கண்ணு கலங்கிச்சு. கங்கம்மாள் வெங்காயத்தாலன்னு நினைச்சு மூட்டைய மாத்திப் போட்டாங்க.

வீட்டுக்கு வந்தவரு நேரா கொல்லைக்குப் போனாரு. இன்னிக்குக் கட்டக்கூடாது, உண்மையச் சொல்லிடணும்னு முடிவு. அப்பதான் பார்த்தாரு. பாத்திரம் தேய்க்கற கல்லு ஓரத்துல ஒரு செடி. அது மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குது. அடி மண்ணு வெள்ளையா ஈரமா இருக்கு. அரிசி கழுவின தண்ணி. தினம் யாரோ ஊத்தியிருக்காங்க. யாருன்னு கேக்கணுமா? இலையை விலக்கினாரு. உள்ள ஒரு கத்திரிக்காய். நிஜக் கத்திரிக்காய்! நூல் இல்ல, முடிச்சு இல்ல. கோலிகுண்டை விடக் கொஞ்சம் பெருசு, ஒரு பக்கம் கோணல், முள்ளு மட்டும் கம்மி இல்ல.

ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு சமையல்கட்டு வாசல்ல போயி நின்னாரு.

"சுந்தரி."

"ம்?"

"நான் இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் கடையில வாங்கினது. உனக்கும் தெரியும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். நீ மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் குடியாத்தத்துல லுங்கி மடிச்சிக்கினு இருப்பேன். இந்தா. இது நிஜமாவே நம்ம கொல்லையில காய்ச்சது. நீ ஊத்தின தண்ணியில காய்ச்சது. இதுக்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..."

காயை நீட்டினாரு.

சுந்தரியம்மா அடுப்பைக் கம்மி பண்ணிட்டு வந்தாங்க. காயை வாங்கினாங்க. உள்ளங்கையில வச்சுப் பார்த்தாங்க. முந்தானையால தொடைச்சாங்க. சாமி மாடத்துல, விளக்குப் பக்கத்துல பத்திரமா வச்சாங்க. அப்பால பையராத் திரும்பினாங்க.

"நீங்க மொதல்ல காட்டின சாம்பிளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ரிஜெக்ட். பை ஆணியில மாட்டியிருக்கு, கங்கம்மா கடை மூடறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க."